மலேரியாக் கொள்ளைநோயும் நிர்ப்பீடனமும்: 1934-35ஐ மீள நோக்கல்

பேராதனையை அணைந்தோடும் மகாவலி போன்ற ஆறுகள் பெருகிப் பாய்கையில் நுளம்பின் குடம்பிகள் அங்கு நிலைத்தல் அரிது. 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை பொய்த்தது. ஆற்றுப்படுக்கைகளில் தேங்கிய தெளிந்த நீர்க்குட்டைகளில் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு பல்கிற்று. ஒக்டோபர் தொடங்கிச் சில மாதங்களுள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகக் கொடிதாகத் தாக்குண்டன. கண்டி மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளும் தப்பவில்லை.

மலேரியா நிலைகொண்டிருந்த உலர்வலயத்தை விடுத்து, நீர்வளம் மிக்க இப்பகுதிகளிற் சாவு மலிந்தது ஏன்? இளமை முதல் மீண்டும் மீண்டும் காய்ச்சல் கண்டு பிழைத்த உலர்வலயத்தார் ஓரளவு நிர்ப்பீடனம் பெற்றிருந்தனர். ஈரவலயத்தாருக்கு அது வாய்க்கவில்லை.

இந்நிர்ப்பீடனம் செயற்படும் வகை பின்னரே துலங்கிற்று. 1961இல் கொஹென், மக்கிரெகர், கரிங்டன் ஆகியோர் காம்பியா நாட்டு வளர்ந்தோரின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரிகளை நோயுற்ற குழந்தைகளுக்கு ஏற்றியபோது ஒட்டுண்ணிகள் குறைந்தன. பிறபொருளெதிரியின் வாற்பகுதியைப் பற்றும் புரதங்கள் தின்குழியங்களின் மேற்பரப்பில் உள்ளன. இவை எஃப்.சி. வாங்கிகள் எனப்படும். இன்று இவற்றுக்குரிய மனித மரபணுவை வளர்ப்புக் கலங்களுட் புகுத்தி, வாங்கிகளை மீளச்சேர்ப்புப் புரதமாக ஆக்குகின்றனர். எப்பிறபொருளெதிரி எவ்வாங்கியுடன் எத்துணை இறுக்கமாகப் பிணைகின்றது என்பதை ஆய்வுகூடத்தில் அளந்தறிய அவை உதவுகின்றன.

ஆயினும் வாங்கி மட்டும் வரலாற்றை விளக்கிவிடாது. 1929இன் பின் வந்த உலகப் பொருளாதார மந்தம் இறப்பர், தெங்கு விலைகளை வீழ்த்தியது. வறட்சி நெல்லைக் கருக்கியது. பட்டினியால் மெலிந்த உடலையே காய்ச்சல் தாக்கிற்று. நிர்ப்பீடனக் குறைவு என்று மட்டும் கூறி அமைதல், அக்குறைவைச் சாவாக மாற்றிய வறுமையை மறைப்பதாகும். நிவாரணப் பணியில் இறங்கிய சூரியமல் இயக்கத்தினர் இதனை நேரிற் கண்டனர். அவர்களுட் பலர் 1935 டிசெம்பரில் இலங்கை சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர்.

பின்னைய வரலாறும் மனங்கொள்ளத்தக்கது. டி.டி.ரி. தெளிப்பினால் 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. கண்காணிப்புத் தளரவே, 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மீண்டும் தொடர்ந்த பெருமுயற்சியின் பயனாக, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

இவ்வெற்றியின் மறுபுறத்தை நாம் மறத்தலாகாது. மலேரியாவை அறியாது வளரும் இன்றைய தலைமுறை, 1934இன் ஈரவலய மக்களைப் போன்றே நிர்ப்பீடனம் அற்றது. உடல் வழங்காத காவலைப் பொதுச் சுகாதார சேவையே வழங்கவேண்டும். அதனை வீண்செலவெனக் கருதிச் சுருக்க முனைவோர் 1934ஐ நினைவிற் கொள்வாராக.