மாவட்ட நிர்வாகத் தலைமை: நாடுகளுக்கிடையிலான ஒப்பீடு

ஒரு நாட்டின் அரசு இயந்திரம் எப்படி அமைந்திருக்கிறது, யாருக்குக் கட்டுப்பட்டது, எப்படி வேலை செய்கிறது என்பதை மற்ற நாடுகளோடு வைத்து ஆராய்வது ஒப்பீட்டுப் பொது நிர்வாகவியல். அமெரிக்காவில் உட்ரோ வில்சன் 1887-இல் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஒப்பீடு இல்லாமல் நிர்வாகவியல் ஓர் அறிவியலாக முடியாது என்று ராபர்ட் டால் 1947-இல் வாதிட்டார். காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் பெருகிய 1960-களில் பிரெட் ரிக்ஸ், பெரல் ஹெடி முதலியோர் இதைத் தனித் துறையாக வளர்த்தனர். பாடநூல்கள் பெரும்பாலும் தலைநகரத்தை வைத்தே நாடுகளை ஒப்பிடுகின்றன: எத்தனை அமைச்சகங்கள், அதிகாரிகளுக்கு என்ன தேர்வு, எங்கே பயிற்சி. இவற்றில் நாடுகள் ஒன்றையொன்று எளிதில் பார்த்து எழுதிக்கொள்கின்றன. அதனால் வேறுபாடு இருக்கும் இடத்திலும் ஒற்றுமையே தெரிகிறது. மாவட்டத்துக்கு இறங்கி வந்து, மத்திய அல்லது மாநில அரசு நியமித்த அதிகாரி, மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சியின் முடிவை என்ன செய்ய முடியும் என்று கேட்டால் அந்த அரசின் உண்மையான இயல்பு தெளிவாகிறது. இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியைக் கொண்டு சில நாடுகளை ஒப்பிடுகிறது.

இக்கேள்விக்கு வரலாறு நீண்ட விடை தரும் நாடு பிரான்ஸ். புரட்சி 1790-இல் நாட்டை 83 தெபார்த்மான்களாகப் பிரித்தது. 1800 பிப்ரவரியில் நெப்போலியன் ஒவ்வொன்றுக்கும் பிரெஃபே என்னும் அரசுப் பிரதிநிதி ஒருவரை நியமித்தார். பாரிஸின் ஆணை நாட்டின் கடைக்கோடி வரை ஒரே குரலில் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். பிரெஃபேயை அரசு எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், இன்றும் அப்படித்தான். 1884-க்குப் பிறகு பாரிஸ் தவிர்த்த ஊர்களில் மேயர்களை நகராட்சி மன்றங்களே தேர்ந்தெடுத்தன என்றாலும், அம்மன்றங்களின் முக்கிய முடிவுகள் பிரெஃபேயின் கண்காணிப்பின் கீழேயே இருந்தன. 1982 மார்ச் 2-ஆம் தேதி வந்த சட்டம் இதை உடைத்தது. உள்துறை அமைச்சர் காஸ்தோன் தெஃபேர் கொண்டுவந்த அச்சட்டத்தின்படி தெபார்த்மானின் நிர்வாகம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் தலைவருக்குப் போனது. உள்ளாட்சியின் முடிவு சட்டத்துக்குப் புறம்பானது என்று பிரெஃபே கருதினால், அதை நிர்வாக நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். தாமே ரத்து செய்ய முடியாது. பதவி இருக்கிறது, மாளிகை இருக்கிறது, சீருடைகூட இருக்கிறது. ஆனால் மேயர் முன் அவர் நிற்கும் நிலை மாறிவிட்டது. ஓர் அமைப்பை அதன் பெயரை வைத்து அடையாளம் காணக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

இந்திய மாவட்ட ஆட்சியரை பிரெஃபேயின் ஒன்றுவிட்ட சகோதரர் என்று சொல்வது வழக்கம். பிறப்பை ஆராய்ந்தால் இது பொருந்தாது. கலெக்டர் பதவியை 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஏற்படுத்தினார். பெயரே சொல்வதுபோல வரி வசூலே அதன் முதல் வேலை. கார்ன்வாலிஸ் 1793-இல் நீதி அதிகாரத்தைக் கலெக்டரிடமிருந்து பிரித்தார். சேலம், பாராமகால் பகுதிகளில் வருவாய் நிர்வாகத்தில் பணியாற்றிய தாமஸ் மன்றோ இதை எதிர்த்தார். கிராமத்தை அறிந்த ஒருவரிடமே வருவாயும் காவலும் குற்றவியல் நடுவர் அதிகாரமும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். சென்னை மாகாணத்தில் 1816-இன் ஒழுங்குமுறைகள் அவ்வாதத்தை ஏற்றுக் கலெக்டரை மாவட்டத்தின் முழு அதிகாரி ஆக்கின. கவனிக்க வேண்டியது, இப்படி ஒரு பதவியை இங்கே நிறுவிய ஆங்கிலேயர் தம் நாட்டில் அதை வைத்துக்கொள்ளவில்லை என்பது. இங்கிலாந்தின் கவுண்டிகளை உள்ளூர் நிலவுடைமையாளர்களான சமாதான நீதிபதிகளே நெடுங்காலம் நிர்வகித்தார்கள். 1888-இன் சட்டத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி மன்றங்கள் வந்தன. ஆகவே கலெக்டர் பதவியை ஆங்கில மரபு என்பதைவிட, குடிமக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டியிராத ஓர் ஆட்சியின் தேவை என்பதே பொருத்தம்.

அந்தத் தேவை 1947-இல் மறைந்தது, பதவி மறையவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973 நீதித்துறை நடுவர்களை நிர்வாக நடுவர்களிடமிருந்து பிரித்தது உண்மை. மறுபுறம் புதிய வேலைகள் வந்து குவிந்தன: தேர்தல் காலத்தில் ஆட்சியர் தேர்தல் ஆணையத்துக்குக் கட்டுப்பட்டவர்; 2005-இன் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் ஆணையத்தின் தலைவர். இ.ஆ.ப. அதிகாரியாக அவரைப் பணிநீக்கம் செய்யும் அதிகாரம் ஒன்றிய அரசிடம். இடமாற்றம் செய்யும் அதிகாரம் மாநில அரசிடம். நாள்தோறும் வலிமை காட்டுவது இரண்டாவதுதான். அதனால்தான் உச்ச நீதிமன்றம் 2013-இல் அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் வேண்டும் என்று ஆணையிட நேர்ந்தது. நம் கேள்விக்குத் தமிழ்நாடு தரும் விடை கூர்மையானது. 1994-இன் ஊராட்சிகள் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகளின் ஆய்வாளர். தீர்மானங்களை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அவரால் முடியும். அச்சட்டத்தின் 205-ஆம் பிரிவு, விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் கூட்டும் கூட்டத்தில் உறுப்பினர்களின் கருத்தையும் கேட்டபின், மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரையே பதவி நீக்கும் அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. பிரான்சில் 1982-க்குப் பிறகு பிரெஃபேயால் செய்ய முடியாத ஒன்று, 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்து அடுத்த ஆண்டு எழுதப்பட்ட சட்டத்தில் இங்கே ஆட்சியரின் கையில் இருக்கிறது. இது இந்தியா முழுவதற்குமான விதியும் அல்ல, விதிவசமும் அல்ல. மகாராஷ்டிரம் 1961-இன் சட்டத்தில் ஜில்லா பரிஷத்துக்குத் தனித் தலைமைச் செயல் அதிகாரியை வைத்து, கலெக்டரை அதிலிருந்து விலக்கியது.

ஜப்பான் இன்னொரு பாதையைக் காட்டுகிறது. 1873-இல் தோன்றிய உள்துறை அமைச்சகம் மாகாண ஆளுநர்களை நியமித்து வந்தது. 1947 முதல் மாகாண ஆளுநர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆயினும் மத்திய அமைச்சகங்கள் பல வேலைகளை ஆளுநரிடம் ஒப்படைத்து, அவ்வேலைகளில் அவரைத் தம் முகவராகவே நடத்தின. ஒகினாவாவின் ஆளுநர் ஓட்டா 1995-இல் அமெரிக்கப் படைத்தளங்களுக்கான நிலக் குத்தகை ஆவணங்களில் கையெழுத்திட மறுத்தபோது பிரதமர் வழக்குத் தொடுத்தார். 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆளுநருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வாக்காளர் தேர்ந்தெடுத்தவர் சட்டத்தின் கண்ணில் அமைச்சரின் ஊழியர் என்ற இந்த முரண் பொறுக்க முடியாததாகி, 2000 ஏப்ரலில் அந்த ஒப்படைப்பு முறையே ஒழிக்கப்பட்டது. அதோடு பூசல் தீர்ந்துவிடவில்லை. ஒகினாவாவின் ஹெனோக்கோ தளக் கட்டுமானத்தில் 2023 டிசம்பரில் நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்று, ஆளுநர் தர மறுத்த அனுமதியை மத்திய அமைச்சரே அவர் சார்பில் வழங்கினார். தேர்தல் மட்டுமே ஒரு பதவியை உள்ளூருக்குச் சொந்தமாக்கிவிடாது. எந்த வேலையில் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதையும் சட்டம் சொல்ல வேண்டும்.

சுவீடனில் மாவட்டம் போன்ற அலகுகளான லான்கள் 21. ஒவ்வொன்றின் ஆளுநரையும் மத்திய அரசு நியமிக்கிறது. இந்த ஏற்பாட்டின் வேர் சான்சலர் ஆக்ஸெல் ஓக்ஸன்ஷேர்னா காலத்து 1634-இன் ஆட்சியமைப்பில் இருக்கிறது. ஆனால் அரசியலமைப்பின்படி, ஒரு தனிமனிதர் தொடர்பான விவகாரத்தில் நிர்வாக அமைப்பு எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று அமைச்சர்கூடச் சொல்ல முடியாது. உள்ளூர் வருமான வரியை நகராட்சிகள் தாமே விதிக்கின்றன. நியமன ஆளுநர் இருந்தும் உள்ளாட்சி வலுவாக இருக்க முடிகிறது.

இந்த ஒப்பீட்டுக்கு எழக்கூடிய மூன்று மறுப்புகளைக் கருத வேண்டும். முதலாவது அளவு பற்றியது: 2011 கணக்கெடுப்பின்படி ஓர் இந்திய மாவட்டத்தில் சராசரியாக ஏறத்தாழ 19 லட்சம் பேர், ஒரு தெபார்த்மானில் 7 லட்சத்துக்கும் குறைவு. இவ்வளவு பெரிய அலகில் ஒருங்கிணைக்க ஒருவர் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. வெள்ளத்திலும் கலவரத்திலும் ஆட்சியரின் மதிப்பைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. ஆனால் ஒருங்கிணைக்கும் அதிகாரமும் தேர்ந்தெடுக்கப்பட்டவரை நீக்கும் அதிகாரமும் வெவ்வேறு. முதலாவது வேண்டும் என்பதால் இரண்டாவது தானாக நியாயமாகாது. இரண்டாவது மறுப்பு ரிக்ஸிடமிருந்து வருகிறது. தாய்லாந்தை ஆராய்ந்த அவர், மாறிவரும் சமூகங்களில் சட்டத்தில் எழுதியிருப்பதும் அலுவலகத்தில் நடப்பதும் வேறு வேறாக இருக்கும் என்றார். சரியான எச்சரிக்கைதான். ஆனாலும் ஊராட்சித் தலைவர் வழக்குத் தொடுக்கும்போது நீதிமன்றம் பார்ப்பது எழுதப்பட்ட பிரிவைத்தான். எழுத்து மாறினால் வழக்கம் உடனே மாறாது. எழுத்து மாறாமல் வழக்கத்தைத் திருத்த யாருக்கும் பிடிமானம் இல்லை. மூன்றாவது, மாவட்டத் தலைவரே இல்லாத இங்கிலாந்தில் உள்ளாட்சி சுதந்திரமாக இருக்கிறதா என்பது. இல்லை என்பதே நேர்மையான விடை. பெருநகர லண்டன் மன்றத்தை நாடாளுமன்றம் சட்டமியற்றி 1986-இல் கலைத்தது. நிதி நெருக்கடியில் சிக்கிய பர்மிங்காமுக்கு 2023-இல் அரசு ஆணையர்களை அனுப்பியது. எனினும் லண்டன் மன்றத்தைக் கலைக்க நாடாளுமன்ற விவாதமும் வாக்கெடுப்பும் தேவைப்பட்டன. ஒரு கோப்பில் ஒருவர் இடும் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

இலங்கையில் இவ்வொப்பீடு தமிழருக்கு நேரடியாகப் பொருள்படும். கோல்புரூக்–கமரோன் ஆணையத்தின் பரிந்துரைகளின்படி தீவு 1833-இல் ஐந்து மாகாணங்களாகி, ஒவ்வொன்றும் அரசாங்க அதிபரின் கீழ் வந்தது. அவருடைய அலுவலகம் கச்சேரி. இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பின் 1987-இன் 13-ஆம் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது. அதன்பின் 1992-இன் 58-ஆம் இலக்கச் சட்டம் அரசாங்க அதிபரின் பல அதிகாரங்களைப் பிரதேச செயலாளர்களுக்கு மாற்றியது. அவர்கள் கொழும்புக்குப் பதில் சொல்பவர்கள். மாகாண சபைக்குத் தனிப் பிரதம செயலாளர் இருந்தார். ஆனால் மக்கள் நாள்தோறும் ஏறி இறங்கும் அலுவலகம் பிரதேச செயலகமே. வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. 2019-க்குள் எல்லாச் சபைகளின் காலமும் முடிந்தும் தேர்தல் ஆண்டுக்கணக்கில் நடக்கவில்லை. ஆளுநர்களும் செயலாளர்களும் நிர்வாகத்தைத் தொடர்ந்தனர். தமிழ்நாட்டிலும் 2016 அக்டோபர் முதல், பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும் வரை, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் வசம் இருந்தன. இரு இடங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாதபோது சான்றிதழ் கிடைத்தது, சம்பளம் பட்டுவாடா ஆனது, சாலைப் பணி நடந்தது. ஆனால் எந்தச் சாலைக்கு முன்னுரிமை என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால், அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டிய பதவியில் யாரும் இல்லை.