கண்ணாடி பார்க்கும் நாகரகன்

பண்டைய இந்தியப் பெண்களின் அன்றாட ஒப்பனைக் குறிப்புகள் என்ற பெயரில் காமசூத்திரத்தின் ஒரு பகுதி அவ்வப்போது பகிரப்படுகிறது. சென்ற வாரம் எங்கள் ஆய்வு மாணவர் குழுவிலும் வந்தது, கண்ணாடி முன் நிற்கும் ஒரு பெண்ணின் ஓவியத்துடன். மூலநூலில் அந்தக் கண்ணாடி முன் நிற்பவன் ஆண்.

பொதுவாகக் கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்நூலின் முதல் அதிகரணம், நான்காம் அத்தியாயம், நாகரகன் எனப்படும் வசதி படைத்த நகரவாசியின் ஒரு நாளை விவரிக்கிறது. காலையில் எழுந்து, கடன்களை முடித்து, பல் துலக்கி, பூச்சை அளவோடு பூசி, நறும்புகையும் மாலையும் கொண்டு, மெழுகும் அலத்தகமும் இட்டு, கண்ணாடியில் முகம் பார்த்து, வாய்க்கு மணமூட்டியும் தாம்பூலமும் எடுத்துக்கொண்டு அவன் தன் காரியங்களைக் கவனிக்க வேண்டும். இந்த வினையெச்ச அடுக்கு தமிழ் வாசகருக்கு அந்நியமன்று. வாக்கியம் 'ஸ' என்னும் ஆண்பால் சுட்டில் தொடங்குகிறது. பாலை மாற்றிப் படிக்க இலக்கணம் இடம் தரவில்லை.

மெழுகையும் அலத்தகத்தையும் எங்கே இடுவது என்று சூத்திரம் கூறவில்லை. தமிழில் அலத்தகம் என்றால் செம்பஞ்சுக் குழம்பு. நம் நினைவு உடனே பெண்ணின் பாதத்திற்குத்தான் செல்லும். 13ஆம் நூற்றாண்டில் ஜயமங்களா உரையை எழுதிய யசோதரர் உதட்டைக் குறிப்பதோடு செய்முறையும் தருகிறார்: சற்றே ஈரமான அலத்தக உருண்டையால் உதட்டைத் தேய்த்து, தாம்பூலம் தரித்து, அதன்பின் மெழுகு உருண்டையால் ஒற்ற வேண்டும். சூத்திரத்தில் முதலில் நிற்கும் மெழுகு செயலில் கடைசியாகிறது. உதட்டுச் சாயத்தின் மேல் பளபளப்புப் பூசுவோருக்கு இவ்வரிசையின் காரணம் விளங்கும். யாரோ ஒருவர் இதைச் செய்வதை உரையாசிரியர் அருகிருந்து பார்த்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1883இல் பர்ட்டன் பெயரோடு அறியப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் சாயம் இருக்கிறது, மெழுகு இல்லை. 2002இல் வெளிவந்த டோனிகர், ககர் மொழிபெயர்ப்பில் அது இடம்பெறுகிறது.

ஆணுக்கான ஒப்பனைக் குறிப்பு இது ஒன்றுமட்டுமன்று. 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதையில் கந்தயுக்தி அத்தியாயம் நரைக்குச் சாயமிடுவதிலிருந்து தொடங்குகிறது: தலை நரைத்தவருக்கு மாலையும் அணியும் பொலிவு தரா. வரகரிசியை இரும்புப் பாத்திரத்தில் இரும்புத் தூளோடு புளித்த காடியில் வேகவைத்து, நன்கு அரைத்துத் தலையில் அப்பி, ஈர இலைகளால் மூடி இரண்டு சாமம் இருக்க வேண்டும். பிறகு அதை நீக்கி, நெல்லிக்காய் விழுதைப் பூசி மீண்டும் இரண்டு சாமம். ஆக மொத்தம் 12 மணி நேரம்! நெல்லியின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. பழைய எழுத்து மைகள் பலவற்றின் வேதியியலும் இதுவே. இரும்பும் புளிப்பும் கலந்த வாடையை நறுமணத் தைலங்களால் போக்கிக்கொள்ளவும் நூல் மறக்காமல் சொல்கிறது. இவ்வளவும் அந்தப்புரத்தில் அரச சுகம் துய்க்கப்போகும் ஆணுக்காக.

காமசூத்திரத்தில் பெண்ணின் அன்றாட ஒப்பனை இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது நான்காம் அதிகரணத்தில், மனைவியின் நடத்தை விதிகளுக்குள் வருகிறது. கணவனைக் கூடச் செல்லும் வேளைக்குப் பல அணிகளும் பலவகைப் பூக்களும் பூச்சும். உலாவுக்கு மெல்லிய பட்டு, குறைந்த அணி, மிகைப்படாத பூச்சு, வெண்பூக்கள். நாகரகனுக்குச் சொன்ன அளவு இங்கும் பேணப்படுகிறது. ஆயினும் தனிமையில் அணிகலனின்றிக் கணவன் கண்முன் நிற்கலாகாது என்ற விதியும் அதே அத்தியாயத்தில் உண்டு. நாகரகனை யாருக்கு முன்னும் அப்படி நிறுத்தும் விதி அவனுடைய அத்தியாயத்தில் இல்லை. முகம் பார்த்து முடித்ததும் அவன் தன் காரியங்களுக்குப் போய்விடுகிறான். பகிரப்படும் படத்தில் அவனிடத்தில் அவளை நிறுத்தும்போது இவ்வேறுபாடும் மறைந்துவிடுகிறது.