காத்திருத்தலுக்கு ஓர் இலக்கணம்: செமாஃபோர் பிறந்த வரலாறு

1950களின் பிற்பகுதி. ஆம்ஸ்டர்டாம் நகரின் கணித மையத்தில் ப்ராம் லூப்ஸ்ட்ராவும் கேரல் ஸ்கோல்டனும் எக்ஸ்1 என்னும் புதிய கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தனர். அதற்கான அடிப்படை நிரல்களை எழுதும் பொறுப்பு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவுடையது. புதிய பொறியில் ‘குறுக்கீடு’ என்னும் வசதி இருக்கும் என்று அறிந்தபோது அவர் மகிழவில்லை, அஞ்சினார்.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அதுவரை கணினி ஓர் ஆணையை முடித்துவிட்டே அடுத்த ஆணைக்குச் செல்லும். உள்ளீடு மாறாவிட்டால் விளைவும் மாறாது. ஒரு பிழை நேர்ந்தால், அதே நிரலை மீண்டும் இயக்கி அதே பிழையைக் காணலாம், கண்டு களையலாம். குறுக்கீடு வந்தபின் அந்த உறுதி போயிற்று. அச்சுப்பொறியோ துளைநாடாப் படிப்பியோ எந்த இரண்டு ஆணைகளுக்கு நடுவிலும் புகுந்து, நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தலாம். இன்று தோன்றிய பிழை நாளை தோன்றாமல் போகலாம். தயங்கித் தயங்கியே டைக்ஸ்ட்ரா அவ்வசதிக்கு இசைந்தார். அதை அடக்கியாளும் நிரலே 1959இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருளாயிற்று.

இயங்குதளப் பாடநூல்களில் செமாஃபோர் ஒரு வரையறையாக வந்து போகிறது: ஒரு முழு எண், இரண்டு செயல்கள், ஒரு வரிசை. தேர்வுக்கு அது போதும். ஆனால் வரலாற்றில் அது ஒரு கேள்விக்குக் கிடைத்த விடை. ஒவ்வொரு செயல்முறையும் எவ்வளவு விரைவாக ஓடும் என்று எதுவுமே தெரியாத நிலையில், அவை ஒன்றுசேர்ந்து செய்யும் வேலை சரியாகவே முடியும் என்று நிறுவ இயலுமா? இதுவே அக்கேள்வி.

சிக்கல் மிக எளிய இடத்திலேயே தொடங்குகிறது. பொதுவான ஓர் எண்ணில் 5 இருக்கிறது. இரண்டு செயல்முறைகள் அதனோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். முதலாவது 5ஐப் படிக்கிறது. எழுதுவதற்குள் இரண்டாவதும் 5ஐப் படித்துவிடுகிறது. இரண்டுமே 6 என்று எழுதுகின்றன. வரவேண்டியது 7. ஆயிரம் முறை இயக்கினாலும் இது நேராமல் இருக்கலாம். ஆயிரத்தோராவது முறை நேரலாம். ஆகவே, ஒன்று உள்ளே இருக்கையில் மற்றொன்று நுழையக் கூடாத பகுதிகள் நிரலில் உண்டு.

படித்தல், எழுதுதல் என்னும் இரண்டு வினைகளை மட்டுமே கொண்டு இரண்டு செயல்முறைகளுக்கு இதைச் சாதிக்கும் வழியை டச்சுக் கணிதவியலாளர் டெக்கர் கண்டுபிடித்தார். எத்தனை செயல்முறைகளுக்கும் பொருந்தும் வழியை டைக்ஸ்ட்ரா 1965இல் மிகச் சிறிய கட்டுரை ஒன்றில் வெளியிட்டார். இரண்டும் சரியானவை, ஆனால் இரண்டிலும் ஒரு குறை இருந்தது. உள்ளே நுழைய இயலாத செயல்முறை, ‘வழி திறந்ததா, திறந்ததா’ என்று ஓயாமல் சுழன்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரே செயலி கொண்ட கணினியில் இது பெருங்கேடு. எவர் வெளியேற வேண்டுமென்று காத்திருக்கிறதோ, அவருக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தையே காத்திருப்பது தின்றுவிடுகிறது.

1962இல் டைக்ஸ்ட்ரா ஐன்ட்ஹோவன் தொழில்நுட்ப உயர்கல்விக் கூடத்தின் பேராசிரியரானார். அக்காலத்தில் டச்சு மொழியில் அவர் எழுதிச் சுற்றுக்கு விட்ட குறிப்புகளில்தான் ‘சைன்பால்’ என்ற சொல் வருகிறது. அது இருப்புப்பாதையில் நிற்கும் கைகாட்டி மரத்தின் பெயர். அதன் ஆங்கில வடிவமே செமாஃபோர். கைகாட்டியின்மீது இரண்டு செயல்கள் மட்டுமே செல்லும்: பி, வி. டச்சில் ‘ஏற்று’ என்பதற்கும் ‘இறக்கு’ என்பதற்குமான சொற்கள் இரண்டும் வி என்னும் ஒலியிலேயே தொடங்குவதால், ‘இறக்க முயல்’ என்ற பொருளில் ‘புரோலாக்’ என்று அவர் ஒரு சொல்லைப் புனைந்துகொண்டதும் உண்டு.

பி என்பது எண்ணில் ஒன்றைக் குறைக்கும். விடை சுழியைவிடக் குறைந்தால், அழைத்த செயல்முறை காத்திருப்போர் பட்டியலில் சேரும். செயலி அதனிடமிருந்து விலகி வேறொன்றுக்குப் போகும். வி என்பது ஒன்றைக் கூட்டும். பட்டியலில் எவரேனும் இருந்தால் ஒருவரை விடுவிக்கும். யாரை முதலில் விடுவிப்பது என்பதை வரையறை சொல்லவில்லை; அது வேண்டுமென்றே விடப்பட்ட இடம். எண் ஒன்றைவிடப் பெரிதாகவும் இருக்கலாம் என்பதன் பயனை எடுத்துக்காட்டியவர் ஸ்கோல்டன் என்று டைக்ஸ்ட்ரா பதிவுசெய்திருக்கிறார்.

இக்கருத்து செயல்பட்ட இடம், அந்தக் கல்விக்கூடத்தின் பெயரெழுத்துகளையே பெயராகக் கொண்ட டிஎச்இ இயங்குதளம். எக்ஸ்8 கணினி, 32 ஆயிரம் சொற்கள் அளவிலான உள் நினைவகம், 512 ஆயிரம் சொற்கள் கொள்ளும் காந்த உருளை. செமாஃபோர்களும் செயலிப் பங்கீடும் அதன் அடித்தளத்தில், சுழியாம் அடுக்கில், அமைந்தன. அதற்கு மேலிருந்த அடுக்குகளுக்குக் குறுக்கீடு என்ற ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. எக்ஸ்1 காலத்து அச்சம் ஒரே அடுக்குக்குள் அடைக்கப்பட்டது. சோதனையில் அகப்பட்டவை ஏறத்தாழ 500 ஆணைகளுக்கு ஒன்று என்ற அளவில் அற்பமான எழுத்துப் பிழைகள் மட்டுமே என்று 1968ஆம் ஆண்டுக் கட்டுரையில் டைக்ஸ்ட்ரா எழுதினார்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பி என்பது பிளவுபடாமல் நடக்க வேண்டும் என்று வரையறை கோருகிறது. அதுவும் சில ஆணைகளின் தொகுப்புத்தானே? அதன் நடுவில் குறுக்கீடு வந்தால்?

செமாஃபோரைக் கெர்னலில் எழுத முற்படுவோர் அனைவரும் இவ்விடத்துக்கு வந்தே தீர வேண்டும். செயலி ஒன்றே எனில், அச்சில ஆணைகள் முடியும்வரை குறுக்கீட்டைத் தடுத்து வைக்கலாம். செயலிகள் பல எனில் அது போதாது. ஒரு செயலியில் தடுப்பது மற்றொன்றை நிறுத்தாது. அங்கே, படித்து மாற்றி எழுதுவதை ஒரே மூச்சில் செய்யும் வன்பொருள் ஆணையும், அதன்மீது எழுந்த ஸ்பின்லாக்கும் தேவை. லினக்ஸ் கெர்னலின் செமாஃபோரில் உறுப்புகளாக இருப்பவை முதன்மையாக மூன்று: ஒரு ஸ்பின்லாக், ஓர் எண், ஒரு காத்திருப்போர் பட்டியல். ஆக, சுழன்று காத்திருத்தல் ஒழிந்துவிடவில்லை. எவ்வளவு நேரம் நீளும் என்று தெரியாத காத்திருப்பு, சில ஆணைகளுக்குள் முடியும் காத்திருப்பாகச் சுருங்கியது. அதுவே ஈட்டம்.

இன்னொரு கண்ணியும் அங்கே உண்டு. ‘இடமில்லை’ என்று கண்ட செயல்முறை உறங்கச் செல்லும் முன், அந்த நொடியிடையில், மற்றொன்று வி செய்துவிட்டால் எழுப்பும் குரல் யார் காதிலும் விழாது; உறங்கியது எழவே எழாது. எனவே பட்டியலில் சேர்வதும் உறங்கும் நிலையைக் குறிப்பதும் பூட்டை விடுமுன்பே முடிந்தாக வேண்டும். விடுவிக்கும் பக்கத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. லினக்ஸில் காத்திருப்போர் இருந்தால் எண் கூட்டப்படுவதில்லை. முதலில் நிற்பவருக்கே உரிமை நேராகக் கைமாறுகிறது. நடுவில் வந்தவர் அதைப் பறித்துக்கொள்ள வழியில்லை. டைக்ஸ்ட்ரா திறந்து விட்ட இடத்தைச் செயலாக்கம் இவ்வாறு நிரப்பிக்கொண்டது.

நிரப்பப்படாத இடங்களும் இருந்தன. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி, சில நாள்களில் தானாகவே மறுதொடக்கம் செய்யலாயிற்று. வானிலைத் தரவு திரட்டும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு செமாஃபோரைப் பிடித்திருந்தது. உயர்ந்த முன்னுரிமைப் பணி அதற்காகக் காத்திருந்தது. இடைநிலைப் பணிகள் தாழ்ந்ததை ஓடவிடவில்லை. உயர்ந்தது உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட கண்காணிப்பு அமைப்பு கணினியை மீளத் தொடங்கிற்று. பொறியாளர்கள் பூமியிலிருந்த நகல் கணினியில் அப்பிழையை மீண்டும் வரவழைத்த பின்னரே காரணம் புலப்பட்டது. பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவதே தீர்வு. அக்கோட்பாட்டை லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகியோர் 1990இலேயே விரிவாக எழுதியிருந்தனர்.

அத்தீர்வுக்கு ‘யார் பிடித்திருக்கிறார்’ என்பது தெரிய வேண்டும். டைக்ஸ்ட்ராவின் செமாஃபோருக்கு உரிமையாளர் இல்லை. ஒருவர் பி செய்ய, வேறொருவர் வி செய்யலாம். செய்தி சொல்ல அது வலிமை. பூட்டாகப் பயன்படுத்துகையில் அதுவே குறை. 2006இல் லினக்ஸ் கெர்னலில் மியூடெக்ஸ் தனியே நுழைந்ததன் பின்னணியில் இந்த வேறுபாடும் உண்டு.

ஆய்வகத்தில் பி, வி எழுதும் மாணவர் பெரும்பாலும் நிரல் ஓடுகிறதா என்று மட்டுமே பார்க்கிறார். ஓடுவது சான்றாகாது என்பதிலிருந்துதான் இந்த வரலாறு தொடங்கியது. கேட்க வேண்டியவை இரண்டு: இந்தச் செயல் பிளவுபடாது என்ற உறுதியைக் கீழே எந்த அடுக்கு தருகிறது? எந்த வேகத்தில் ஓடினாலும் இந்நிரல் சரியென்று தாளில் நிறுவ முடிகிறதா?