தீட்டிய அரிசி தந்த பாடம்

உணவைத் தூய்மையாக்குவதாக எண்ணி அதன் சாரத்தையே மனிதன் இழந்ததுண்டு. இதற்கு அரிசியின் வரலாறு தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் கீழ்நாடுகளிற் பரவின. உரலும் உலக்கையும் ஓரளவு விட்டுவைத்த தவிட்டையும் முளையையும் அவை முற்றாக நீக்கின. வெள்ளரிசி மலிந்த இடங்களிற் பேரிபேரி என்னும் நோயும் மலிந்தது. கால்கள் மரத்தல், நடை தளர்தல், உடல் வீங்குதல், ஈற்றில் இருதயம் செயலற்றுப் போதல் என்பன அதன் குறிகளாம்.

1886ஆம் ஆண்டில் இந்நோயை ஆராய்தற்பொருட்டு ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த யாவாவுக்கு வந்தவர்களுள் கிறித்தியான் ஐக்மன் என்னும் மருத்துவர் ஒருவர். நோய்க்குக் கிருமியே காரணம் என்று அவர் முதலில் நம்பினார். அவர் வளர்த்த கோழிகள் ஒருகால் நோயுற்றுத் தள்ளாடின. பின்னர்த் தாமே தேறின. காரணத்தை வினவியபோது உண்மை வெளிப்பட்டது. இராணுவ மருத்துவமனையின் தீட்டிய அரிசிச் சோறே அதுகாறும் அவற்றுக்கு இரையாயிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படையினர்க்குரிய சோற்றைப் பிறர் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்தமையால் இரை மாறியிருந்தது.

கோழிக்கு உண்மையானது மனிதனுக்கும் பொருந்துமோ? வோர்தர்மன் என்பார் யாவாவின் சிறைச்சாலைகளிற் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி உண்ட கைதிகளுள் 39 பேருக்கு ஒருவரும், தீட்டாத அரிசி உண்டோருள் 10,000 பேருக்கு ஒருவருமே நோயுற்றமை புலனாயிற்று.

இவ்வரலாற்றில் தமிழர்க்கும் ஓரிடமுண்டு. மலாயாவிற் சீனத் தொழிலாளர் பலர் இந்நோயால் மடிய, தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். அவர்கள் உண்டது புழுங்கலரிசி என்பதை மருத்துவர் பிராடன் சுட்டிக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டளவில் பிளெச்சர் என்பார் இதனைச் சோதித்தார். தீட்டிய பச்சையரிசி உண்ட பிரிவில் 18 பேர் பேரிபேரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட பிரிவில் அந்நோயால் எவரும் இறந்திலர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியினுட் செல்கின்றது. ஆதலின் ஆலை அதனை முற்றாக நீக்க இயலாது. அவ்வுயிர்ச்சத்து 1926ஆம் ஆண்டில் யாவாவிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. ஐக்மன் 1929இல் நோபெல் பரிசு பெற்றார்.

எனினும், நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்தே நெல்லைப் புழுக்கினர் எனப் பெருமை பேசுதல் வரலாறாகாது. உமி எளிதிற் கழல்வதும், அரிசி நொறுங்காதிருப்பதும் அவர்கள் கண்ட பயன்கள். காரணம் அறியாது கைக்கொண்ட நல்வழக்கத்தைக் கைவிடுதலும் எளிது. வெள்ளரிசியே மதிப்புக்குரியது என்ற எண்ணம் பரவியபோது குத்தரிசியும் குரக்கனும் ஏழையின் உணவெனத் தாழ்த்தப்பட்டமை இதனாலேயே.

இன்று பேரிபேரி அருகிவிட்டது. ஆனால் வெள்ளை மாவுப் பாணும் விசுக்கோத்தும் இனிப்புப் பானமும் நம் மாணவரின் பசியை ஆற்றுகின்றன. அவற்றைக் குறைத்து, தவிடு நீங்காத தானியமும் பயறும் கீரையும் கனியும் மிகுத்து உண்ணல் நன்று. உணவொன்றைக் கையிலெடுக்கும்போது, அதில் என்ன சேர்ந்தது என்பதோடு எது நீக்கப்பட்டது என்றும் கேட்கப் பழகுவோமாக.