வரைபடக் குறியும் மலையக மனையும்

கண்டியிலிருந்து தெற்கு நோக்கி ஏறிய புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும் அடைந்தது. இவ்விரு ஊர்களுக்கும் இடையே அமைந்துள்ளது வட்டவளை. இப்பாதையின் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 5 அடி 6 அங்குலம்; எங்கும் மாறாதது. ஆயின் அதன் வளைவும் ஏற்றமும் மலையின் போக்கிற்கேற்ப மாறுவன. மாறக்கூடாதது எது, மாறவேண்டியது எது என்பதை முன்னரே வகுத்துக்கொண்டமையாலேயே மலைச்சாரலில் பாதை அமைந்தது. திரும்பத் திரும்ப வழங்கும் எந்த அமைப்புக்கும் இவ்வகுப்பே உயிர்நாடி. வரைபடக் குறிகளின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது.

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கறிந்திருந்தனர். மயமதம், மானசாரம் முதலிய நூல்களைப் போற்றிய சிற்ப மரபிலே உருவங்கள் தாள அளவால் வகுக்கப்பட்டன. உத்தம தசதாளத்தில் உருவத்தின் உயரம் 124 கூறுகளாகும். படிமம் ஒரு சாண் உயரமாயினும் ஓர் ஆள் உயரமாயினும் முகத்துக்கும் மார்புக்கும் காலுக்கும் உரிய கூறுகள் மாறா. கூறின் அளவு மட்டுமே மாறும். நில அளவைப் படத்திலோ நிலை வேறு. கோயில் பெரிதாயினும் சிறிதாயினும் அதனைக் காட்டும் குறி ஒரே அளவினதே. முன்னது அளவோடு வளர்வது; பின்னது வளராது நிற்பது. குறியின் பயனே அதன் நடத்தையை வகுக்கின்றது.

இக்கருத்தைக் கணினியில் ஏற்றியவர் ஐவன் சதர்லாந்து. மசாசுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்து மாணவராயிருந்த அவர், 1963இல் ஸ்கெச்பாட் என்னும் வரைதல் முறையை வெளியிட்டார். அதிலே மூலக்குறி ஒன்று. அதன் படிகள் பல. மூலத்தைத் திருத்தின் படிகள் யாவும் உடன் திருந்தும். 1982இல் வெளிவந்த ஓட்டோகாட் இவ்வகைக் குறியைப் புளொக் என வழங்கியது. அதன் 2006ஆம் பதிப்பிலே, நீளவும் திரும்பவும் புரளவும் வல்ல இயங்கு புளொக் இடம்பெற்றது.

எனினும் கருவி வளர்ந்தமையால் வரைவோனின் சிந்தனைச் சுமை குறைந்துவிடவில்லை. கதவுக் குறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலத்தைக் கூட்டுதற்காக அதனை முழுமையாகப் பெருக்கினால், பலகையின் தடிப்பும் சேர்ந்து பெருகும், படம் பொய்யாகும். ஆகவே அகலம் 2½ அடி, 3 அடி என வரையறுத்த அளவுகளில் மட்டும் மாறவேண்டும். தடிப்பு மாறாதிருத்தல் வேண்டும். கதவு இடமாகவோ வலமாகவோ திறக்கவேண்டும். குறியைப் பொருத்தும் புள்ளி எது, அளவலகு எது என்பனவும் முன்னரே முடிவாதல் வேண்டும். பூச்சிய அடுக்கில் வரைந்த கோடுகள் குறி வைக்கப்படும் அடுக்கின் இயல்பை ஏற்கும். வேறு அடுக்கில் வரைந்தவை தம் அடுக்கிலேயே நிற்கும். இவற்றை எண்ணாது ஆக்கிய குறி நூறு படங்களில் புகுந்தபின், ஒரு பிழை நூறு பிழையாகும்.

தாளில் நேர்ந்த பிழையை அழித்துத் திருத்தலாம். கல்லிலும் மண்ணிலும் எழுந்த பிழையோ தலைமுறைகளை வருத்தும். இதற்கு மலையகத்து லயங்களே சான்று. சுமார் 10 அடிக்கு 12 அடி அளவான காம்பராவே அங்கு மூலம். அதனை ஒற்றை வரிசையாகவோ, முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை வரிசையாகவோ அடுக்கினர். குடும்பம் பெருகினும் காம்பரா பெருகவில்லை. இரட்டை லயத்திலே பின்சுவரில் சாளரம் வைக்கவும் வழியில்லை. அங்கே எல்லாம் மாறாதவையாயின. மனிதன் மட்டும் மாறிக்கொள்ள வேண்டியவனானான். சிக்கனம் கருதிப் பெருக்கிய ஓர் உருவம் ஒரு சமுதாயத்தின் வாழ்வையே குறுக்கிவிட்டது.

இந்திய உதவியுடன் 2016இல் தொடங்கிய தனிவீட்டுத் திட்டம், குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் நிலமும் 550 சதுர அடி வீடும் என வகுத்தது. லயத்தை நோக்க இது பெரும் முன்னேற்றமே. எனினும் இங்கும் ஒரே உருவம் பல சரிவுகளில் எழவேண்டியுள்ளது. வட்டவளையோ தென்மேற்குப் பருவக்காற்றை நேரே ஏற்பது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிவது. இத்தகைய நிலத்திற்கு வரையும் வீட்டுக் குறியிலே அறைகளின் அளவு நிலையாக நிற்கலாம்; அத்திவாரத்தின் படிகளும் அணைசுவரின் உயரமும் வடிகாலின் போக்கும் சரிவுக்கேற்ப மாறவேண்டும். பின்னாளில் ஓர் அறை கூட்டுதற்குரிய பக்கமும் அதிலேயே குறிக்கப்படல் வேண்டும்.

குறி என்பது உழைப்பைச் சுருக்கும் கருவி. சிந்தனையைச் சுருக்கும் கருவியன்று. ஒருமுறை வரைவோன் பலமுறை வாழ்வோரை மனத்திற் கொள்வானாயின், அவன் இடும் கோடு அவர்தம் வாழ்வுக்கு அரணாகும்.