ஜூரா: எஞ்சியதன் சுவை

பிரெஞ்சு ஒயின் என்றதும் போர்தோவையும் பர்கண்டியையும் நினைப்பவர்கள், சுவிட்சர்லாந்து எல்லையோரத்து ஜூரா மலைச்சரிவுகளை எளிதில் நினைப்பதில்லை.

லூயி பாஸ்டர் வளர்ந்த அர்புவா அங்குள்ள சிற்றூர். ஒயின் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளை ஏற்று அவர் ஆராய்ந்தது இவ்வூரில்தான். அந்நூல் 1866இல் வெளிவந்தது. 1874இல் இங்கு ஒரு திராட்சைத் தோட்டமும் வாங்கினார்.

விந்தை என்னவெனில், நுண்ணுயிரையே காவலாகக் கொண்ட ஒயினும் இம்மண்ணுக்குரியது. 'வான் ஜோன்', அதாவது மஞ்சள் ஒயின், சவன்யான் என்னும் வெள்ளைத் திராட்சையில் பிறப்பது. பீப்பாயில் ஆவியாகிக் குறைவதை எவரும் நிரப்புவதில்லை. ஈஸ்ட் படலம் பாலாடைபோல் மேலே படர்ந்து, மிஞ்சியதைக் காக்கிறது. ஆறாண்டுகளுக்கு மேல் காத்திருந்தபின் ஒரு லிட்டரில் எஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்பது கணக்கு; அதன் குப்பியின் கொள்ளளவும் அதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 20,000 ஹெக்டேரில் பரவியிருந்த ஜூராவின் தோட்டங்கள், வேரை உறிஞ்சும் ஃபிலாக்ஸெரா பூச்சியாலும் பின்வந்த போர்களாலும் சுருங்கின. இன்று எஞ்சியிருப்பது சுமார் 2,000 ஹெக்டேர். ஆயினும் 1936இல் பிரான்ஸ் சட்டப்படி அங்கீகரித்த முதல் ஒயின் பிரதேசங்களுள் அர்புவாவும் ஒன்று. இழந்தது பெரிதெனினும், எஞ்சியதைக் காக்கும் கலையை அவ்வூரார் பீப்பாயிலிருந்தே கற்றிருந்தனர் போலும்.