மாத்திரை நுரையீரலுக்குப் போகும் வழி: சென்னை உலகுக்குச் சொன்ன பாடம்



மார்ச் 24 உலகக் காசநோய் நாள். 1882இல் இதே நாளில்தான் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர், காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று பெர்லினில் அறிவித்தார். அந்தக் கிருமியை வெல்லும் வழியை மாற்றிய ஓர் ஆய்வு நம் சென்னையில் நடந்தது. அது புரிய வேண்டுமானால், கரும்பலகையில் நாம் வரைந்த நுரையீரல் படத்தைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

மூக்கில் நுழையும் காற்று குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழலில் இறங்கும். அது இரண்டாகப் பிரிந்து, பிறகு இருபது தடவைக்கு மேல் கிளைத்து, கடைசியில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றறைகளில் முடியும். வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இடதுக்கு இரண்டு. இதயத்துக்கு இடம் வேண்டுமல்லவா! நுரையீரல் தானாக விரியாது. உதரவிதானம் கீழே இறங்கி மார்புக்கூடு விரிந்தால்தான் காற்று உள்ளே வரும். அமைதியாக இருக்கும்போது ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர்.

இதுவரை எல்லோரும் சரியாக எழுதிவிடுவீர்கள். மறப்பது ரத்தத்தைத்தான். உடம்பெல்லாம் சுற்றி இதயத்தின் வலப்பக்கம் வந்து சேரும் ரத்தம், நுரையீரலுக்குள் போய்த்தான் இடப்பக்கம் திரும்பும். ஒவ்வொரு காற்றறையையும் தந்துகிகள் வலைபோலச் சுற்றியிருக்கின்றன. 1661இல் மால்பிகி என்ற இத்தாலியர் தவளையின் நுரையீரலில் இந்தத் தந்துகிகளை நுண்ணோக்கியால் பார்த்தார். ஆக, நுரையீரலுக்கு வாசல் இரண்டு: ஒன்று காற்றுக்கு, ஒன்று ரத்தத்துக்கு.

காசநோய்க் கிருமி காற்று வாசல் வழியாக வருகிறது. அதனால் வைத்தியத்தையும் அந்த வாசல் பக்கமே வெகுகாலம் தேடினார்கள். சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு. அதற்காகக் கட்டியவைதான் சானடோரியங்கள். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம், 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் எல்லாம் அப்படி வந்தவை. நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க, அதைச் சுற்றி ஊசியால் காற்றை ஏற்றி அதைச் சுருங்க வைத்ததும் உண்டு. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ சொற்பம்.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியசிட் மாத்திரை வந்தது. விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைகிறது. இரண்டாவது வாசல் திறந்துவிட்டது! அப்படியானால் நோயாளி சானடோரியத்தில் படுத்துத்தான் ஆக வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு விடை காணத்தான் 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து செய்த வேலை. நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறுபாதி தங்கள் வீட்டில். இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான இடம், குறைந்த சாப்பாடு, வேலையும் ஓயவில்லை. இருந்தும் ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாரையும் ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. ஓராண்டு முடிவு 1959இல் வெளியானது. காசநோயாளியை வீட்டைவிட்டுப் பிரிக்க வேண்டியதில்லை என்று உலகம் கற்றுக்கொண்டது.

நம் ஆரணிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பட்டுத்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழித்தறியில் உட்காருபவர் ஒரு வருஷம் சானடோரியம் போனால், தறியில் ஏற்றிய பாவு அப்படியே நிற்கும், அடுப்பும் நிற்கும்.

அதே சென்னை மையம் இன்னொன்றையும் கண்டது. இருமல் குறைந்ததும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் ஒருவர் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையை அங்கேயே சோதித்தார்கள். பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய 'டாட்ஸ்' முறைக்கு விதை அதுதான்.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிடும், ஆனால் கிருமி மிச்சமிருக்கும். பாதியில் விட்டால் அது மருந்துக்கு அடங்காத கிருமியாகலாம். பெண் பார்க்க வருவார்கள், அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று இதை மறைக்காதீர்கள் கண்ணுகளா. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். நோயாளியை ஒதுக்காதீர்கள், தினமும் மாத்திரை போட்டாரா என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் ஆசிரியர்